ஏழாம் அத்தியாயம்: பேனுக்கு ஆள் வைப்பது

ஆக்லாந்தின் ஒனிஹங்காவில் என் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் வழியில் ஒரு வைபர்னம் வேலி இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் இலைகளில் சாம்பல் படிந்தது போலத் தெரியும். கிட்டே போய் ஓர் இலையைப் பிடித்தால் அது சாம்பல் இல்லை, சாறு போன இலையின் வெள்ளி மினுக்கம் என்று புரியும். அதன் மேல் தார் தெளித்தது மாதிரி கறுப்புப் புள்ளிகள். அவை எச்சம். கைலென்ஸை வைத்தால் ஆட்கள் கண்ணுக்குப் படுவார்கள்: கறுத்த உடலும் வெளிறிய காலுமாகப் பெரியவை, வெளிர்மஞ்சளில் குஞ்சுகள். குஞ்சுகள் வாலைத் தூக்கி நுனியில் ஒரு சொட்டு எச்சத்தை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குண்டூசியால் தொட்டாலும் சோம்பலாக இரண்டு அடி நகரும், அவ்வளவுதான். இதற்குப் பசுமைக்குடில் இலைப்பேன் என்று பெயர். பெயரில்தான் குடில், ஆக்லாந்தில் அது தெருவேலியிலும் எலுமிச்சையிலும் அவகாடோவிலும் வெளியிலேயே குடும்பம் நடத்துகிறது.

ஒரு கோடையில் அதே வேலியில் வேறொன்றையும் பார்த்தேன். மஞ்சள் குஞ்சுகளுக்கு நடுவில் சில மட்டும் வீங்கி, பக்கவாட்டில் நேர்கோடாகி, உருளை மாதிரி இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இலையோடு ஒட்டி, கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கறுப்புக் கூட்டுப்புழுக்கள். திரிபோபியஸ் என்ற குளவியின் பிள்ளைகள் அவை. தாய்க்குளவி பேன் குஞ்சின் உடம்புக்குள் முட்டை வைத்துவிட்டுப் போகும். உள்ளே பொரித்தது குஞ்சைத் தின்று தீர்த்துவிட்டு வெளியே வந்து கூட்டுப்புழு ஆகும். அவகாடோ விவசாயிகளுக்காக இந்தக் குளவியை 2001இல் நியூசிலாந்தில் விட்டார்கள். வேறு எந்த உள்ளூர்ப் பேனையும் தொடுமா என்று முதலில் அடைத்து வைத்துச் சோதித்து, அரசிடம் அனுமதி வாங்கி, அதற்குப் பிறகுதான் விட்டார்கள். அது தோப்புகளில் நிலைகொண்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளியில் மாவுப்பூச்சி வந்து, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது நினைவிருக்கும். 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார்கள். வேளாண் பல்கலைக்கழகத்து ஆட்கள் குப்பியில் கொடுத்ததை வாங்கிக் கட்டிவிட்டவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். சில மாதத்தில் மாவு காணாமல் போயிற்று. அதிலிருந்து அவருக்கு ஒரு நம்பிக்கை: எந்தப் பூச்சிக்கும் எங்கோ ஒரு குளவி இருக்கும், தேடிக் கொண்டுவந்து விட்டால் போதும்.

அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் தட்டி வைக்கத்தான் இந்த அத்தியாயம்.

உட்கார்ந்த பேனும் ஓடுகிற பேனும்

மாவுப்பூச்சியும் வேலியில் நான் பார்த்த பேனும் ஒரே இடத்தில் கூட்டமாக உட்காருபவை. முட்டை முதல் முதுமை வரை ஒரே இலையில். அங்கே வரும் குளவிக்கு அது பந்தி. ஆனால் டிரூரி, கராகா, புகெகோஹே பக்கம் கண்ணாடிக் குடில்களில் குடைமிளகாயிலும் வெள்ளரியிலும் நமக்குத் தலைவலி கொடுப்பது வேறு ஆள்: மேற்கத்தியப் பூப்பேன். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்காரர். இந்த நாட்டில் 1934லிருந்தே பதிவாகியிருக்கிறது. ஆனால் அறுபது வருடம் லூபின் பூக்களில் சாதுவாகக் காலம் தள்ளியது. 1990களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது அதே இனத்தின் வேறு வகை. மருந்துக்கு அசையாதது. இன்று குடிலில் நாம் பார்ப்பது அதைத்தான்.

இது நான்கு இடத்தில் ஒளிகிறது. முட்டையை இலைத் திசுவுக்குள் செருகி வைக்கிறது. எந்த மருந்தும் அங்கே போகாது. பொரிந்த குஞ்சு மொட்டிலும் பூவிலும் காய்க்காம்பின் மடிப்பிலும் இரண்டு பருவம் வளர்கிறது. பிறகு பெரும்பாலும் கீழே விழுந்து, மண்ணிலோ தரைவிரிப்பின் மடிப்பிலோ சாப்பிடாமல் கூட்டுப்புழுவாகக் கிடக்கிறது. கடைசியில் இறக்கை முளைத்து மறுபடி பூவுக்குள். 25 டிகிரியில் இந்தச் சுற்று முழுதும் இரண்டு வாரம். 20 டிகிரியில் மூன்று வாரம். ஆக நீங்கள் என்றைக்கு மருந்து அடித்தாலும் பாதிக்கு மேல் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். ஐந்து நாள் கழித்து அடித்த இடத்திலேயே புதுக் கூட்டம். அதைப் பார்த்து மறுபடி அடிப்பீர்கள். அதற்குள் பேனைத் தின்னக்கூடியவை எல்லாம் செத்திருக்கும்.

எனவே இங்கே ஒரு ஆள் போதாது. முட்டைக்கு யாரும் இல்லை, அதை விட்டுவிடலாம். சின்னக் குஞ்சுக்கு ஓர் ஆள், பெரிய குஞ்சுக்கும் இறக்கை உள்ளதற்கும் ஓர் ஆள், தரையில் கிடப்பதற்கு ஓர் ஆள். இவர்களை மருந்து வாங்குவது போல வாங்கக் கூடாது, மாடு வாங்குவது போல வாங்க வேண்டும். மாட்டைப் பிடித்து வருவதற்கு முன்பே தொழுவமும் தீவனமும் இருக்கிறதா என்று பார்ப்போம். மாடு வந்த பிறகு அதன் தொட்டியில் விஷம் கலக்க மாட்டோம்.

முதலில் மருந்து அலமாரி

இயற்கை எதிரிகளை வரவழைக்க ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் மருந்து அடித்த நோட்டை எடுத்து மூன்று மாதம் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை ஏதாவது அடித்திருந்தால் அதன் படிவு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை எதிரிப்பூச்சிகளைக் கொல்லும். இலையில் மட்டுமல்ல, கம்பியிலும் கயிற்றிலும் பிளாஸ்டிக்கிலும்கூட. அபாமெக்டின், ஸ்பினோசாட் இரண்டும் அடித்த அன்று ஆபத்து. ஓரிரு வாரம் விட்டால் பெரும்பாலும் தணியும். கந்தகம் புகைக்கும் சட்டி இருந்தால், சாம்பல் நோய்க்காக இரவு முழுக்க ஓட விடும் பழக்கத்தைக் குறையுங்கள். இரைவிழுங்கிச் சிலந்திகளுக்கு அது ஆகாது.

எல்லோரும் கோட்டை விடுவது இமிடாக்ளோபிரிட் போல வேர் வழியாக ஏறும் மருந்தில். “செடிக்குள்ளேதானே இருக்கிறது, எதிரிப்பூச்சி பேனைத்தானே தின்கிறது” என்பார்கள். ஓரியஸ் என்ற நாவாய்ப்பூச்சி பேனைத் தின்பதோடு செடியிலும் ஊசியைக் குத்தித் தண்ணீர் குடிக்கும். குடித்தால் சாகும். நான் ஒரு முறை ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து வந்த குடைமிளகாய் நாற்றில் இரண்டு தடவை ஓரியஸ் விட்டும் ஒன்றுகூடத் தங்கவில்லை. வெயில், ஈரம், பாட்டில் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஐந்தாவது வாரம்தான் போன் போட்டு, “தட்டிலேயே ஏதாவது ஊற்றினீர்களா?” என்று கேட்டேன். ஊற்றியிருந்தார்கள். அசுவினி வரக்கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான். அன்றிலிருந்து நாற்று ஆர்டர் போடும்போதே என்ன மருந்து, என்றைக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

இந்த நாட்டுக் குடில்களில் 2006இல் பெரிய உடைப்பு ஒன்று நடந்தது. தக்காளி-உருளை சில்லிட் என்ற சாறுறிஞ்சி அந்த வருடம் ஆக்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்காக மருந்து அடிக்க ஆரம்பித்ததும், அதுவரை வெள்ளை ஈக்கும் பேனுக்கும் எதிரிகளை நம்பி ஓட்டிக்கொண்டிருந்த ஏற்பாடுகள் ஆட்டம் கண்டன. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து இன்னொரு பூச்சியின் காவலை எடுத்துவிட்டது. ஆகவே பேனுக்குத் திட்டம் போடும்போது பேனை மட்டும் பார்த்தால் போதாது. சில்லிட், வெள்ளை ஈ, அசுவினி, செம்பேன் எல்லாவற்றுக்கும் எதை அடிப்பீர்கள், எதை அடிக்க மாட்டீர்கள் என்று ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டிலைத் திறக்கும்போது

சின்னக் குஞ்சுக்கான ஆள் குகுமெரிஸ் என்ற இரைவிழுங்கிச் சிலந்தி. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. பேரிக்காய் வடிவம், வெளிர்பழுப்பு நிறம். இது பேனின் முதல் பருவக் குஞ்சைத்தான் வெல்லும். இரண்டாம் பருவக் குஞ்சு வாலை வீசி அடித்து, எச்சச் சொட்டைத் தடவி விரட்டிவிடும். ஆகவே பேன் பெருகிய பிறகு இதை விட்டு அதிசயத்தை எதிர்பார்க்கக் கூடாது. பேன் வருவதற்கு முன்பே செடியில் குடியிருக்க வேண்டும். பேன் இல்லாத நாட்களில் மகரந்தத்தையும் செம்பேன் முட்டையையும் தின்று காலம் தள்ளும். குடைமிளகாய்ப் பூவில் மகரந்தம் நிறைய; அதனால் அங்கே நன்றாகத் தங்கும்.

பாட்டிலில் வருவது தவிடு, அதில் தவிட்டுப் பூச்சி, அதைத் தின்று வளரும் குகுமெரிஸ். வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பாட்டிலைப் படுக்க வைத்து மெதுவாக உருட்டுங்கள். சிலந்திகள் மூடிப் பக்கம் குவிந்திருக்கும், உருட்டினால் சீராகக் கலக்கும். ஒரு சிட்டிகைத் தவிட்டை வெள்ளைத் தாளில் போட்டு லென்ஸில் பாருங்கள். இரண்டு விதமாக அசையும். வெள்ளையாக, நீண்ட மயிரோடு, அரிசிமாவு புரண்டது போல மெதுவாக நகர்வது தீவனம். பழுப்பாக, வழவழப்பாக, தாளின் விளிம்பை நோக்கி ஓடுவதுதான் நாம் காசு கொடுத்தது. ஓடுவது நான்கைந்தாவது கண்ணில் படாவிட்டால் அன்றே விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். மறுநாள் அனுப்பினால் “நீங்கள் எப்படி வைத்திருந்தீர்களோ” என்பார்கள். அதில் நியாயமும் உண்டு: ஒரு ஜனவரி மாதம் ஒனிஹங்கா கடைத்தெருவில் கொத்தமல்லி வாங்க இறங்கி, தெரிந்தவர் ஒருவரோடு முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். காரின் பின்சீட்டில் பெட்டி. மூடியைத் திறந்தபோது ஒன்றும் ஓடவில்லை.

பயிரில் பேன் இன்னும் தென்படாதபோது சதுர மீட்டருக்கு 50 குகுமெரிஸ், லேசாகத் தென்பட்டால் 100 என்பது பொதுவாகச் சொல்லும் அளவு; அதையும் ஒரு தடவை அல்ல, பயிர் நிலைக்கும் வரை திரும்பத் திரும்ப. இதைவிட எனக்குப் பிடித்தது சிறு பை. காகிதப் பைக்குள் தவிடும் தீவனமும் இருக்கும். குகுமெரிஸ் உள்ளேயே பெருகி, ஒரு சின்ன ஓட்டை வழியாக ஆறு முதல் எட்டு வாரம் வரை சிறுகச் சிறுக வெளியே நடந்து வரும். பையைக் கிழித்துக் கொட்டாதீர்கள். புதிதாக வேலைக்கு வந்த தம்பிகள் பாதிப்பேர் முதல் நாள் இதைத்தான் செய்கிறார்கள். இலை நிழல் விழும் உயரத்தில் மாட்டுங்கள். வெயில் நேராகப் படும் பை இரண்டு வாரத்தில் அப்பளம். ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் குகுமெரிஸின் முட்டை வற்றிப்போகும். மானுகாவ் துறைமுகத்துக் காற்று பெரும்பாலும் ஈரமானதுதான். ஆனால் பிப்ரவரி மதியத்தில் மேல்சாளரம் எல்லாம் திறந்து கிடக்கும்போது மீட்டரைப் பாருங்கள். அந்த நேரத்தில் பாதையில் தண்ணீர் தெளிப்பது வீண் வேலை இல்லை.

பெரியவற்றுக்கான ஆள் ஓரியஸ். நியூசிலாந்தில் இருப்பதும் பேனுக்கு ஆள் ஆவதும் ஓரியஸ் விசினஸ். இரண்டு மூன்று மில்லிமீட்டர், கறுப்பில் வெண்திட்டு. குஞ்சு ஆரஞ்சு நிறம், சிவப்புக் கண், நீர்த்துளி வடிவம், விறுவிறுவென்று ஓடும். இந்தக் குஞ்சைப் பூச்சி என்று நினைத்துக் காய் பறிப்பவர்கள் நசுக்கிவிடுகிறார்கள். வேலைக்கு வருபவர்கள் அத்தனை பேருக்கும் லென்ஸைக் கையில் கொடுத்து ஒரு முறை காட்டிவிடுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். ஓரியஸ் பேனை ஊசியில் குத்தித் தூக்கி உறிஞ்சுவதை ஒரு தடவை பார்த்தவர் பிறகு நசுக்க மாட்டார். எப்போதாவது நம் கையையும் குத்தும். எறும்பு கடித்தது மாதிரி இருக்கும், பெரிதாக ஒன்றும் இல்லை.

பேன் இல்லாதபோது சதுர மீட்டருக்கு அரை ஓரியஸ், லேசான பாதிப்புக்கு ஒன்று, கடுமையாக இருந்தால் அந்த இடங்களில் மட்டும் பத்து வரை. செடிக்கு ஒன்றாகத் தூவாதீர்கள். ஆணும் பெண்ணும் சந்திக்க வேண்டும். ஒரு இடத்தில் ஐம்பது அறுபதாகக் குவித்து விட்டு, வரிசையில் பல இடத்தில் அப்படிச் செய்யுங்கள். அந்தியில் விடுங்கள். பட்டப்பகலில் சாளரம் திறந்திருக்கும்போது விட்டால் பாதி பறந்துவிடும். பெண் ஓரியஸ் முட்டையை இளந்தண்டிலும் இலைக்காம்பிலும் செருகும். பக்கக்கிளை கிள்ளும்போது அதையும் சேர்த்துக் கிள்ளிவிடுகிறோம். அதனால் கிள்ளியதை இரண்டு நாள் வரிசையிலேயே போட்டு வைப்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. பேனின் முட்டையும் அதே தண்டில்தான் இருக்கிறது.

தரையில் கிடக்கும் கூட்டுப்புழுவுக்கு ஹைபோயாஸ்பிஸ் போன்ற மண் சிலந்திகளும் நூற்புழுக்களும் உண்டு. மண்ணில் நட்ட பயிருக்கும் தொட்டிச் செடிக்கும் இவை பிரயோஜனம். தெற்கு ஆஸ்திரேலியாவில் எலுமிச்சை வகைத் தோப்புகளில் மரத்தடியில் கம்போஸ்ட் பரப்பி, மண் சிலந்திகள் பெருகி, கெல்லி இலைப்பேன் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் தென்னைநார்ப் பையில் செடி வைத்து, தரை முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் விரித்த குடிலில் அவற்றுக்குப் பெரிதாக வேலை இல்லை. பணத்தை ஓரியஸில் போடுங்கள்.

பகல் குறையும் மாதங்கள்

நம் ஊரில் மார்கழியில்கூடப் பகல் பதினொன்றரை மணி நேரம். ஆகவே பகலின் நீளத்தை நாம் யாரும் விவசாயக் கணக்கில் சேர்த்ததில்லை. ஆக்லாந்தில் ஜூன் கடைசியில் பகல் ஒன்பதரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆடிப்பட்டம் இங்கே செல்லாது. ஆனி ஆடிதான் இங்கே நடுக்குளிர். பகல் இப்படிச் சுருங்கும்போது பெண் ஓரியஸ் முட்டை வைப்பதை நிறுத்திவிட்டு உறக்கத்துக்குப் போகும். குடிலை 22 டிகிரிக்குச் சூடாக்கினாலும் அது எழுந்திருக்காது. அது பார்ப்பது வெளிச்சத்தை. பேனுக்கு அப்படி ஒரு உறக்கம் கிடையாது. சூடாக்கிய குடிலில் ஜூலையிலும் பெருகும்.

எனவே குளிர்காலத்தில் நடுகிறவர்கள் மே முதல் ஆகஸ்ட் வரை குகுமெரிஸையும் ஒட்டும் அட்டையையும் களைச்சுத்தத்தையும் நம்ப வேண்டும். விற்கப்படும் குகுமெரிஸ் குளிரில் உறங்காத வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஓரியஸை செப்டம்பரில், முதல் பூக்கள் திறந்து மகரந்தம் கொட்டும் சமயத்தில் விடுங்கள். ஜூனில் விட்ட ஓரியஸுக்குக் கொடுத்த பணம் போனதுதான். நான் முதல் வருடம் விட்டேன். விற்றவரும் “இப்போது வேண்டாமே” என்று சொல்லத்தான் சொன்னார்.

குளிர்காலத்தில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை பழைய பயிரைப் பிடுங்கிய குடிலைச் சூடாக்கி, ஒரு செடி, ஒரு களைகூட இல்லாமல் பட்டினி போடுவது. தரையில் கிடக்கும் கூட்டுப்புழு எல்லாம் பெரியதாகி வெளியே வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் சாகும். மூலையில் ஒரே ஒரு சௌ-திசில் களை இருந்தாலும் பட்டினி பலிக்காது.

பூவைத் தட்டிப் பாருங்கள்

நீல ஒட்டும் அட்டை மேற்கத்தியப் பூப்பேனை மஞ்சளைவிட நன்றாக இழுக்கும். மஞ்சள் அட்டையில் வெள்ளை ஈயும் சேர்ந்து தெரியும். எதை மாட்டினாலும் ஒரே நிறத்தை, ஒரே இடத்தில், ஒரே கிழமையில் எண்ணுங்கள். அட்டை சொல்வது பறப்பதை மட்டும்தான். பயிருக்குள் நடப்பதைப் பூதான் சொல்லும்.

நான் திங்கட்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், வரிசைக்குப் பத்துப் பூ பறித்து, வெள்ளைத் தட்டில் விரலால் தட்டுகிறேன். வாசல் பக்கமும் சூடுகுழாய் ஓரமும் கூடுதலாக. பேன் அங்கேதான் முதலில் வரும். தட்டில் விழுந்ததை இரண்டு பத்தியில் எழுதுகிறேன்: பேன் எத்தனை, ஓரியஸ் எத்தனை. பேன் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். புளோரிடாவில் திறந்தவெளிக் குடைமிளகாயில் எண்ணிப் பார்த்தவர்கள் சொன்ன கணக்கு இது: 180 பேனுக்கு ஓர் ஓரியஸ் இருந்தாலே பெருக்கம் தளர ஆரம்பிக்கிறது, 40க்கு ஒன்று என்றால் பேன் அடங்கிவிடும். குடிலுக்கு இந்த எண் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல், திசை தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். போன வாரம் 90க்கு ஒன்று, இந்த வாரம் 50க்கு ஒன்று என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். மருந்தடிக்கும் கை அரிக்கும். பொறுங்கள்.

பொறுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. தக்காளிப் புள்ளிவாடல் வைரஸ் வந்துவிட்டால் கணக்கு மாறும். முதல் பருவக் குஞ்சு நோயுள்ள செடியைத் தின்னும்போது வைரஸை வாங்கிக்கொள்ளும். இறக்கை முளைத்த பிறகு போகிற செடிக்கெல்லாம் கொடுக்கும். அப்போது பூவுக்கு இரண்டு பேன் என்பதும் அதிகம். இலையில் வட்டம் வட்டமாக மஞ்சள் வளையம் விழுந்த செடியை அன்றே பையில் போட்டுக் கட்டி வெளியேற்றுங்கள். அடுத்த முறை எதிர்ப்புள்ள ரகம் வாங்குங்கள். எதிரிப்பூச்சியால் மட்டும் வைரஸை நிறுத்த முடியும் என்று யாராவது சொன்னால், அவர் விற்பவராக இருப்பார்.

மற்ற பயிர்கள் சுருக்கமாக. வெள்ளரியில் குகுமெரிஸ் பை நன்றாக ஓடும். இப்போதைய ரகங்கள் மகரந்தம் இல்லாமலே காய்ப்பதால் ஓரியஸ் தங்குவது கடினம். தக்காளித் தண்டின் பிசின் மயிரில் இரண்டுமே மாட்டிக்கொள்ளும். அங்கே இவற்றில் செலவு செய்யாதீர்கள். பூச்செடிக்காரர்கள் கறுப்பாகக் காய்க்கும் அலங்கார மிளகாயை இடையிடையே வைத்து, அதன் மகரந்தத்தில் ஓரியஸை வளர்ப்பது வட அமெரிக்காவில் பழக்கம். இடம் இருந்தால் செய்து பார்க்கலாம். புகெகோஹே வெங்காயத்தில் இருப்பது வெங்காயப் பேன். திறந்த வயல், பாட்டில் வாங்கி விட்டுக் கட்டுப்படியாகாது. அங்கே எண்ணி அடிப்பதும், பைரெத்ராய்டைத் தவிர்ப்பதும்தான் வழி. அந்த மருந்துக்கு வெங்காயப் பேன் ஏற்கெனவே பழகிவிட்டது.

ஊர் மிளகாய்க்கு

முதுகுளத்தூரிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் மிளகாய் இலைப் படம் அனுப்புவான். “மாமா, எத்தனை மருந்துதான் அடிக்கிறது?” என்பான். நான் முதலில் கேட்பது: “மேல்பக்கமா சுருண்டிருக்கா, கீழ்ப்பக்கமா?” படகு போல மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கவிழ்த்துப்போட்ட படகு போலக் கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்தி. இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பார்க்காமல் கடைக்காரர் கொடுத்ததை அடித்தவர்கள்தான் அதிகம்.

இப்போது மூன்றாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது. திரிப்ஸ் பார்விஸ்பினஸ், கறுப்புப் பேன். 2015இல் பெங்களூருப் பக்கம் பப்பாளியில் முதலில் பார்த்தார்கள்; 2021இல் குண்டூரிலும் தெலங்கானாவிலும் மிளகாய்ப் பூவை மொய்த்து, வயல் வயலாகப் பூ உதிர்ந்தது. இலையில் தேடினால் குறைவாகத் தெரியும். பூவைத் தட்டினால் கறுப்பாகக் கொட்டும். அப்போது மருந்து மேல் மருந்து அடித்த வயல்களில் பேன் குறையவில்லை. அது பூவுக்குள் இருந்தது. அதைத் தின்ன வேண்டியவை வெளியே இருந்தன.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிவள நிறுவனம் பிளாப்டோஸ்டெதஸ் என்ற நாவாய்ப்பூச்சியை வளர்த்து, பேனுக்கும் செம்பேனுக்கும் எதிராகப் பயன்படுத்தலாம் என்று காட்டியிருக்கிறது. ஓரியஸின் ஒன்றுவிட்ட உறவு அது. பவேரியா, லெக்கானிசிலியம் போன்ற பூஞ்சாணங்களும் கிடைக்கின்றன. பூஞ்சாணத்தை வெயிலில் அடித்தால் செத்துவிடும். பொழுது சாய்ந்து, காற்றில் ஈரம் இருக்கும்போது, பூவுக்குள் போகும்படி அடிக்க வேண்டும். ஆனால் இராமநாதபுரத்து மானாவாரி முண்டு மிளகாய்க்கு ஓரியஸ் பாட்டில் வாங்கி விடு என்று நான் அவனிடம் சொல்ல மாட்டேன். அங்கே ஓரியஸும் பச்சைக் கண்ணாடி இறக்கைப்பூச்சியும் பொறிவண்டும் சம்பளம் இல்லாமலே வயலில் இருக்கின்றன. அவன் செய்ய வேண்டியது அவற்றைக் கொல்லாமல் இருப்பது: வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ விதைப்பது (அது பறந்து வரும் பேனுக்கு வேலி, எதிரிகளுக்குத் தங்குமிடம்), முதல் நாற்பது ஐம்பது நாள் பைரெத்ராய்டைத் தொடாமல் வேப்பங்கொட்டைச் சாற்றோடு ஓட்டுவது, வாரம் ஒரு முறை பூவைத் தட்டிப் பார்ப்பது.

போன பட்டத்தில் அவன் சோளம் விதைத்தான். தட்டிப் பார்க்க வெள்ளைத் தட்டுக்கு எங்கே போவது என்று கேட்டான். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும் என்றேன். மறுநாள் படம் வந்தது: மணமக்கள் பெயர் மறுபக்கம் நிழலாகத் தெரிய, பத்திரிகையில் பதினேழு பேன், ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. “இது என்ன மாமா, இதுக்கு என்ன அடிக்கணும்?”

“அதை விட்டுடு. அடுத்த வாரம் இதே நேரத்துல தட்டிப் பாத்துட்டுச் சொல்லு.”

கடைசியாக ஒன்று, சட்டத்தைப் பற்றி. ஊரில் இது நன்றாக வேலை செய்கிறது என்று எந்தப் பூச்சியையும் முட்டையையும் டப்பாவில் போட்டு நியூசிலாந்துக்கு எடுத்து வராதீர்கள். இந்த நாட்டில் இல்லாத எந்த உயிரையும் கொண்டுவர 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். நெதர்லாந்திலும் ஸ்பெயினிலும் பேர் பெற்ற எதிரிப்பூச்சிகள் சிலவற்றை இங்கே பட்டியலில் காணோமே என்று தேடுபவர்களுக்கும் இதே காரணம்தான். வேலியில் நான் பார்த்த திரிபோபியஸும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது.